விரலில் கிளிப் மாட்டி ஒரு நிமிடம்: அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 57 வயது. திசையன்விளையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். 12 வருஷமாகச் சுகர் உண்டு, பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். போன மாதம் இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் நடந்தது. விரலில் கிளிப் மாட்டி ஒரு நிமிஷம் உட்கார வைத்தார்கள். ‘ஹெச்ஆர்வி 18, நரம்பு மண்டலம் பலவீனம், மன அழுத்தம் அதிகம்’ என்று கலர் தாளில் அடித்துக் கொடுத்து, மூன்று மாதச் சிகிச்சைக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து மகனுடைய வாட்சைக் கட்டிப் பார்த்தால் 41 காட்டுகிறது. மறுநாள் காலையில் 27. இன்னொரு நாள் 90-க்கு மேலே போய்விட்டது. எதைத்தான் நம்புவது? ஒரு நிமிஷத்தில் இதய நரம்பைக் கணிக்க முடியுமா? ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

பதில்:

அண்ணாச்சி, பணம் கட்ட வேண்டாம். கட்டியிருந்தால் திரும்பக் கேளுங்கள். விரலில் ஒரு நிமிடம் கிளிப் மாட்டி எடுத்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ‘நரம்பு மண்டலம் பலவீனம்’ என்று யாரும் எழுதித் தர முடியாது. ஆனால் 12 வருடச் சுகர் இருக்கிற ஒருவர் ‘என் இதய நரம்பு எப்படி இருக்கிறது?’ என்று கேட்பது மிகவும் சரியான கேள்வி. அதற்கு முகாமில் கொடுத்த பதில்தான் சரியில்லை. சரியான பதிலைத் தரக்கூடிய சோதனைகள் இருக்கின்றன, அதிகச் செலவும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் 18, 41, 27, 90 கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான்.

நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 850 மில்லிசெகண்ட் இடைவெளி. ஆனால் நல்ல இதயம் ஒரே சீராக அடிப்பதில்லை. ஒரு இடைவெளி 830 இருக்கும், அடுத்தது 865, அதற்கடுத்தது 850. மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகிறது, விடும்போது நிதானமாகிறது. மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு மூச்சுக்கு மூச்சு பிடித்தும் விட்டும் செய்கிற வேலை இது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயர் 1733-லேயே, குதிரையின் ரத்த அழுத்தத்தை அளந்தபோது, மூச்சோடு நாடி மாறுவதைக் குறித்து வைத்தார். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணாக்கிச் சொல்வதுதான் ஹெச்ஆர்வி, இதயத்துடிப்பு மாறுபாடு.

எண்ணாக்குவதற்கு ஒரே வழி இல்லை. உங்கள் குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு இடைவெளிக்கும் அதற்கு அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, வர்க்கமாக்கி, சராசரி பார்த்து, வர்க்கமூலம் எடுப்பது ஒரு கணக்கு. அதற்கு ஆர்எம்எஸ்எஸ்டி என்று பெயர். எல்லா இடைவெளிகளும் மொத்தச் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று பார்ப்பது இன்னொரு கணக்கு; அது எஸ்டிஎன்என். இரண்டுமே மில்லிசெகண்டில்தான் வரும், இரண்டையும் ‘ஹெச்ஆர்வி’ என்றுதான் திரையில் போடுவார்கள். ஆப்பிள் வாட்ச் காட்டுவது எஸ்டிஎன்என். கார்மின் வாட்சும் ஊரா மோதிரமும் காட்டுவது ஆர்எம்எஸ்எஸ்டி. உங்கள் கலர் தாளில் இந்த இரண்டில் எது என்று அச்சிட்டிருக்கிறதா, பாருங்கள். இல்லையென்றால் அந்த 18-ஐயும் மகன் வாட்சின் 41-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது. ஒன்று கிலோ, மற்றது லிட்டராக இருக்கலாம்.

‘ஹெச்ஆர்வி குறைந்தால் ஆபத்து’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1987-ல் அமெரிக்காவில் கிளைகர் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் மாரடைப்பு வந்து பிழைத்த 808 பேரைத் தொடர்ந்து கவனித்து எழுதிய ஆய்வு அதில் முக்கியமானது. எஸ்டிஎன்என் 50-க்குக் கீழே இருந்தவர்களுக்கு, 100-க்கு மேலே இருந்தவர்களைவிட இறப்பு அபாயம் 5 மடங்குக்கும் அதிகம் என்று கண்டார்கள். மதிப்பான ஆய்வு. ஆனால் அவர்கள் அளந்தது ஹோல்டர் கருவியை நெஞ்சில் மாட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் ஓடவிட்டு எடுத்த ஈசிஜியில். நடை, சாப்பாடு, கோபம், தூக்கம் எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த 50, 100 என்ற எல்லைக்கோடுகளை எடுத்து ஒரு நிமிடக் கிளிப்புக்கு மாட்டினால், ஊரில் முக்கால்வாசிப் பேரை ‘ஆபத்தானவர்’ என்று சொல்லிவிடலாம். இப்படிப் பயமுறுத்துவது எனக்குக் கோபம் வருகிற விஷயம். ஆய்வில் வந்த எண் சரி, அதை ஒட்டவைக்கிற இடம் தப்பு.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், துடிப்பின் மாறுபாட்டில் ஒரே ஓர் அலை இல்லை. மூச்சோடு வரும் வேகமான அலை சில வினாடிகளில் முடிந்துவிடும். ரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் அலை ஒன்று 10 வினாடி அளவில் வரும். அதற்கும் மெதுவானவை 25 வினாடி முதல் 5 நிமிடம் வரை நீளும். அதற்கு அப்பால் பகல், இரவு என்று மாறும் பெரிய அலைகள் இருக்கின்றன. உவரிக் கடற்கரையில் ஒரு நிமிடம் நின்றால் கரையில் வந்து விழும் அலைகளை எண்ணிவிடலாம். கடல் ஏறுகிறதா வற்றுகிறதா என்று சொல்ல முடியாது. ஒரு நிமிடப் பதிவும் அப்படித்தான். மூச்சோடு போகும் வேக அலையை ஓரளவு பிடிக்கும், மெதுவான அலைகளை அது பார்க்கவே பார்க்காது.

அதனால்தான் ஆர்எம்எஸ்எஸ்டி சின்னப் பதிவிலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது, எஸ்டிஎன்என் தாக்குப்பிடிப்பதில்லை. அடுத்தடுத்த துடிப்புகளை மட்டும் பார்க்கும் கணக்குக்கு நீளம் அவ்வளவாகத் தேவையில்லை. மொத்தச் சிதறலைப் பார்க்கும் கணக்கோ, பதிவு நீள நீளத் தானாகவே பெரிதாகும். ஒரே ஆளை ஒரு நிமிடம், 5 நிமிடம், 24 மணி நேரம் என்று அளந்தால் எஸ்டிஎன்என் பொதுவாக ஏறிக்கொண்டே போகும். நோய் குறைந்ததால் ஏறியதல்ல. ஐரோப்பிய, வட அமெரிக்க இதய அமைப்புகள் சேர்ந்து 1996-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், குறும்பதிவு என்றால் 5 நிமிடம், நெடும்பதிவு என்றால் 24 மணி நேரம் என்று வைத்தது. நீளம் வேறுபட்ட பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்கள்.

‘அப்படியானால் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக எடுத்து ஆராய்ச்சி செய்கிறார்களே?’ என்று கேட்கலாம். செய்கிறார்கள். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து எடுக்கும் சாதாரண ஈசிஜியே 10 வினாடிதான், அப்படிப்பட்ட பதிவுகள் லட்சக்கணக்கில் சேர்ந்து கிடக்கின்றன. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் 3000 பேருக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளை எடுத்து, 10 வினாடி, 30 வினாடி, 2 நிமிடத் துண்டுகளை 4, 5 நிமிட முழுப் பதிவோடு ஒப்பிட்டு 2015-ல் வெளியிட்டார்கள். ஆர்எம்எஸ்எஸ்டி மட்டும் 10 வினாடியிலும் நன்றாகவே ஒத்துப்போனது. எஸ்டிஎன்என் பின்தங்கியது. ஒரே துண்டை நம்பாமல் பல துண்டுகளின் சராசரியை எடுத்தால் இன்னும் மேல் என்றும் சொன்னார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தி ‘யாருக்குக் கூடுதல், யாருக்குக் குறைவு’ என்று பார்க்க ஒரு சின்னப் பதிவு போதும். ஒருவருக்குக் கொஞ்சம் கூடி, இன்னொருவருக்குக் கொஞ்சம் குறைந்தாலும் கூட்டத்தில் அது சமன்பட்டுப் போகும். ஆனால் அந்த வரிசையில் நிற்கும் ஒரே ஓர் ஆளை இழுத்து வைத்து ‘உன் எண் 18’ என்று சொல்ல வேண்டுமானால் சமன்பட ஆளில்லை. தவறு முழுவதும் அவர் தலையில் விழுகிறது. இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குவது வேறு, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுவது வேறு என்று பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1986-ல் எழுதிய கட்டுரை மருத்துவ அளவீட்டில் இன்றைக்கும் அடிப்படைப் பாடம். கருவி விற்பவர்கள் ‘ஈசிஜியோடு மிகவும் ஒத்துப்போகிறது’ என்று சொல்லும்போது எந்த ஒத்துப்போதலைச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

இனி உங்கள் 90. கடைக்கணக்குப் போட்டுப் பழகியவர் நீங்கள், இதையும் போட்டுப் பாருங்கள். உங்கள் உண்மையான ஆர்எம்எஸ்எஸ்டி 25 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தில் 70 துடிப்பு. நடுவில் ஒரே ஒரு துடிப்பு அவசரப்பட்டு முந்தி அடித்துவிடுகிறது. நாங்கள் எக்டோபிக் என்போம். வயதானால் நல்ல இதயத்திலும் வரும். இடைவெளிகள் 850, 550, 1150, 850 என்று போகும். அடுத்தடுத்த வித்தியாசம் 300, 600, 300. வர்க்கங்களைக் கூட்டினால் 5,40,000. மற்ற அறுபத்துச் சொச்சம் துடிப்புகளும் சேர்ந்து தருவது வெறும் 41,000 சொச்சம்தான். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பார்த்து வர்க்கமூலம் எடுத்தால் 92 வரும். ஒரே ஒரு துடிப்பு 25-ஐ 92 ஆக்கிவிட்டது. அதே துடிப்பு 5 நிமிடப் பதிவில் வந்திருந்தால் சுமார் 47 ஆகியிருக்கும். அதுவும் தவறுதான், ஆனால் மூன்றில் ஒரு பங்குத் தவறு. 24 மணி நேரப் பதிவில் சுமார் ஒரு லட்சம் துடிப்புக்குள் அது கரைந்துபோகும். ஈசிஜி தாள் கையில் இருந்தால் டாக்டர் அந்தத் துடிப்பைக் கண்ணால் பார்த்து அடித்துவிட்டுக் கணக்குப் போடுவார். கலர் தாளில் இறுதி எண் மட்டும்தான் இருக்கிறது, அடிக்க ஒன்றுமில்லை.

விரல் கிளிப்புக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. அது இதயத்தின் மின்சாரத்தைப் பார்ப்பதில்லை. ஒளியை விட்டு, விரலுக்கு ரத்தம் வந்து சேரும் நேரத்தைப் பார்க்கிறது. இதயத்திலிருந்து விரல் வரை வருகிற நேரமே மூச்சுக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப மாறும். மண்டபத்து ஏசியில் விரல் சில்லென்று இருந்தாலும், கொஞ்சம் அசைந்தாலும், அலை தேய்ந்து கருவி துடிப்பைத் தவறவிடும். தவறவிட்ட ஒரு துடிப்பு, கணக்கில் 1700 மில்லிசெகண்ட் இடைவெளியாக ஏறும். மேலே போட்ட கணக்கைவிட மோசமாகப் போகும். அசையாமல் உட்கார்ந்தால் கிளிப்பும் வாட்சும் ஓரளவு நன்றாகவே வேலை செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். முகாமில் அசையாமல் உட்கார வழியேது? வெயிலில் வந்து, வரிசையில் நின்று, காபி குடித்து, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே போய் உட்கார்ந்திருப்பீர்கள். அளப்பதற்கு முன் குறைந்தது 5 நிமிடம் சும்மா இருக்க வேண்டும்.

‘மன அழுத்தம் அதிகம்’ என்ற வரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கருவிகள் மெதுவான அலைக்கும் வேக அலைக்கும் உள்ள விகிதத்தை எடுத்து, மெதுவான அலை கூடுதலாக இருந்தால் அழுத்தம் என்று எழுதிவிடும். இங்கே மெதுவான அலை என்பது 7 முதல் 25 வினாடிக்குள் வருவது; மேலே சொன்ன 10 வினாடி அலை இதில்தான் சேரும். நீங்கள் பயம் தெளிய ஆழமாக, நிதானமாக, நிமிடத்துக்கு 6 மூச்சு விட்டால் ஒரு மூச்சுக்கு 10 வினாடி. மூச்சின் அலை முழுவதும் அந்தப் பெட்டிக்குள் போய் விழுந்துவிடும். அமைதியாகப் பிராணாயாமம் செய்தவருக்கு ‘அழுத்தம்’ என்று தாள் வரும். இந்த விகிதம் மன அழுத்தத்தின் அளவுகோல் இல்லை என்று உடலியங்கியல் அறிஞர்கள் பல வருடமாக எழுதி வருகிறார்கள். உங்களுக்கு அழுத்தம் இருக்கிறதா என்று தெரிய, வீட்டில் அக்காவிடம் கேட்டாலே போதும்.

சரி, சுகருக்கு வருவோம். நீண்ட நாள் சுகர், காலில் எரிச்சலும் மரத்துப்போதலும் தருவதுபோலவே இதயத்துக்குப் போகும் நரம்பையும் பாதிக்கலாம். முதலில் அடிபடுவது பெரும்பாலும் வேகஸ்தான். இதைத்தான் பார்க்க வேண்டும், இதைப் பார்க்க எடின்பரோவில் டேவிட் ஈவிங் வகுத்த எளிய சோதனைகள் 40 வருடத்துக்கு மேலாக உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ளன. அவற்றில் ஒன்று ஒரே நிமிடம்தான். படுக்க வைத்து, ஈசிஜி ஓடவிட்டு, 5 வினாடி மூச்சை இழு, 5 வினாடி விடு என்று 6 முறை செய்யச் சொல்வோம். இழுக்கும்போது ஏறும் துடிப்புக்கும் விடும்போது இறங்கும் துடிப்புக்கும் நடுவே நிமிடத்துக்கு 15-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நல்லது. 10 அல்லது அதற்குக் கீழே என்றால் நரம்பு அடிபட்டிருக்கலாம். நடுவில் இருந்தால் மறுபடி பார்க்க வேண்டும். வயது ஏற ஏற இது இயல்பாகவே குறையும் என்பதால் டாக்டர் உங்கள் வயதை வைத்துத்தான் படிப்பார்.

இதுவும் ஒரு நிமிடம்தானே, இதை மட்டும் ஏன் நம்புவது என்று உங்களுக்குத் தோன்றும். முகாமில் உங்களைச் சும்மா உட்கார வைத்து, உடம்பு அந்த நிமிடத்தில் என்ன செய்கிறதோ அதை எடுத்தார்கள். இங்கே மூச்சின் வேகத்தை நாங்களே கட்டுப்படுத்துகிறோம். வேகஸ் நரம்புக்கு ஒரு வேலை கொடுத்து, அது செய்கிறதா என்று பார்க்கிறோம். நரம்பு நன்றாக இருந்தால் வித்தியாசம் பெரிதாக வரும், சின்னப் பிசகில் அது மூழ்காது. அவசரப்பட்டு முந்தி அடிக்கும் துடிப்பு வந்தால் ஈசிஜியில் தெரியும், மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆகவே குறும்பதிவு என்பதாலேயே எதையும் தள்ள வேண்டியதில்லை. என்ன கேள்விக்கு, எந்த நிலையில், எந்தக் கணக்கு என்பது தெளிவாக இருந்தால் ஒரு நிமிடமும் போதும்.

இதோடு, படுத்திருந்து எழுந்து நின்றதும் துடிப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்பதையும், பிரஷரையும் பார்க்க வேண்டும். 5 நிமிடம் படுத்திருந்து, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் பிரஷர் 20 அல்லது கீழ் பிரஷர் 10 இறங்கினால் கவனிக்க வேண்டிய விஷயம். பிரஷர் கருவி இருக்கிற எந்த டாக்டரும், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், இதைப் பார்த்துவிடலாம். மூச்சுச் சோதனைக்கு ஈசிஜி வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி இதயப் பிரிவில் கேளுங்கள், அல்லது உங்கள் சுகர் டாக்டரிடமே கேளுங்கள். டைப் 2 சுகர் என்றால் கண்டுபிடித்த நாளிலிருந்தே இந்த நரம்பைக் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். 12 வருடத்தில் ஒருமுறையும் பார்க்கவில்லை என்றால் இப்போது பார்த்துவிடலாம்.

போகும்போது மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துப் போங்கள். மெட்டோப்ரோலால், அட்டெனலால் போன்ற பிரஷர் மாத்திரைகள் துடிப்பையும் ஹெச்ஆர்வியையும் மாற்றும். நீங்களாக எதையும் நிறுத்திவிட்டுப் போக வேண்டாம், அது ஆபத்து. எழுந்தால் தலைசுற்றுகிறதா, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைகிறதா, சாப்பிடும்போது முகம் வியர்க்கிறதா, சும்மா இருக்கையிலும் நாடி 100-ஐத் தாண்டுகிறதா, சுகர் இறங்கும்போது முன்புபோல நடுக்கம் தெரியாமல் போகிறதா என்று யோசித்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள். ஆண்மைக் குறைவு இருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள், அதுவும் இதே நரம்புக் கூட்டத்தைச் சேர்ந்தது. நரம்பு அடிபட்டிருப்பது உறுதியானால் சுகர் கட்டுப்பாடு, நடை, எழும்போது நிதானம் என்று வழி உண்டு. பின்னால் எந்த ஆபரேஷன் என்றாலும் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மகனுடைய வாட்ச்? ஒரு மாதத்துக்கு அவனிடமே இருக்கட்டும் என்பதுதான் என் யோசனை. தினமும் பார்த்துப் பயந்து தூக்கம் கெட்டால், அந்தத் தூக்கக்கேடே எண்ணை இறக்கும். பிறகும் பார்க்க ஆசை இருந்தால், காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால், தினமும் ஒரே நாற்காலியில் அல்லது ஒரே படுக்கையில் பாருங்கள். 5 நிமிடம் சும்மா இருந்து, பேசாமல், மூச்சை வேண்டுமென்று இழுக்காமல், முடிந்தால் 5 நிமிடம் எடுங்கள். திடீரென்று 90 வந்தால் அந்த நாளை விட்டுவிடுங்கள். ஒரு வாரத்துச் சராசரியைப் போன வாரத்தோடு மட்டும் வைத்துப் பாருங்கள். மகனுடைய எண்ணோடு வேண்டாம், வயது குறைந்தவர்களுக்கு அது கூடுதலாகவே இருக்கும். நாலு நாள் சராசரி எடுத்தால் ஒரு நாள் அளவில் உள்ள தற்செயல் பிசகு பாதியாகிவிடும். 41-ம் 27-ம் அடுத்தடுத்த நாளில் வந்தது இந்த வகை அளவுக்குச் சாதாரணம்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாது. நீண்ட நாள் சுகர் இருப்பவர்களுக்கு இதய நரம்பு மரத்திருந்தால் மாரடைப்பு வலியில்லாமலும் வரும். காரணமில்லாத மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, தாடையிலோ இடது கையிலோ இறுக்கம், திடீர்க் களைப்பு, மயக்கம் என்று எது வந்தாலும், வாட்ச் என்ன எண் காட்டினாலும் சரி, உடனே 108-ஐக் கூப்பிட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துவிடுங்கள். கடையில் வேலை செய்யும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.